பயிற்சி என்னும் சொல்லின் பாரம்: தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவை மீள வாசித்தல்

1

வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்துக்கு வேலையளிப்பவரே பொறுப்பு என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை வாய்பாடு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 16ஆம் பிரிவு இந்த வாய்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு சொல்லை மட்டும் மாற்றுகிறது. 'வேலை' இருந்த இடத்தில் 'பயிற்சி' வந்து அமர்கிறது. காயம் பயிற்சியின் காரணமாகவும் பயிற்சியின் போக்கிலும் நேர்ந்திருக்க வேண்டும். இழப்பீட்டைக் கணக்கிட்டு வழங்கும் முறையோ, சில திருத்தங்களுடன், பழைய சட்டத்தினுடையதே.

இந்த மாற்றம் வரைவாளரின் சொல்லொழுங்கு என்று கருதப்பட்டு, இதுவரை பேசப்படாமலே கடந்துவிட்டது. சட்டம் முழுவதையும் திறக்கும் சாவி இந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இச்சட்டத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் 18ஆம் பிரிவைச் சுற்றியே வந்திருக்கின்றன. பழகுநர் பயிற்சியாளரே, தொழிலாளர் அல்லர். தொழிலாளர் தொடர்பான சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்று அப்பிரிவு கூறுகிறது. தொழிலாளர் நலன் பேசும் ஆய்வாளர்கள் இதைக் கைவிடலாகக் காண்கிறார்கள்: குறைந்த உதவித்தொகைக்கு ஓராண்டு உழைப்பைப் பெற்றுக்கொண்டு, உரிமைகளை மட்டும் வாசலில் நிறுத்திவிடும் பிரிவு என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நிர்வாகத் தரப்பில் எழுதுவோர் இதையே வசதியாகக் காண்கிறார்கள்: நிறுவனங்கள் அச்சமின்றி இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ள இப்பிரிவு வழிசெய்கிறது என்பது அவர்கள் வாதம். முடிவில் முரண்படும் இவ்விரு தரப்பும் வாசிப்பில் ஒன்றுபடுகின்றன. இரண்டுக்கும் 18ஆம் பிரிவு ஒரு மதில். பழகுநர் அதற்கு வெளியே நிற்பவர்.

இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை.

2

பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. இச்சட்டத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி என்று சொல்லிவிட்டுத்தான் சட்டம் பழகுநரைத் தொழிலாளர் அல்லர் என்கிறது. மேற்கோள் காட்டுவோர் பலர் இந்த முன்தொடரை விட்டுவிட்டு, பிரிவின் உடலை மட்டும் தருகிறார்கள். முன்தொடரை மீண்டும் சேர்த்து வாசித்தால், 18ஆம் பிரிவு மற்றப் பிரிவுகளுக்குக் கட்டுப்பட்டு நிற்பது தெரியும். ஆகவே அதன் பொருளை அதற்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மற்றப் பிரிவுகள் எதை எடுத்து வைத்துக்கொண்டன என்று பார்க்க வேண்டும்.

14ஆம் பிரிவு உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி பற்றியது. தொழிற்சாலையில் பயிற்சி பெறும் பழகுநருக்கு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 3, 4, 5ஆம் அத்தியாயங்கள், அவர் ஒரு தொழிலாளராக இருந்தால் எப்படியோ அப்படியே பொருந்தும். சுரங்கத்தில் பயிற்சி பெறுபவருக்கு 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 5ஆம் அத்தியாயம் அவ்வாறே பொருந்தும். திருவெறும்பூர் கொதிகலன் ஆலையில் பற்றவைப்புப் பொறிக்கு அருகே நிற்கும் பட்டயதாரியும், நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்வாரிக் கருவியைப் பார்க்கச் செல்லும் பொறியியல் பட்டதாரியும் இந்தப் பாதுகாப்புக்கு உட்பட்டவர்களே. மதில் என்று சொல்லப்படுவதில் சட்டமே திறந்துவைத்த முதல் வாசல் இது.

13ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு இன்னும் கூர்மையானது. பழகுநருக்கு உருப்படிக் கணக்கில் கூலி தரக் கூடாது. உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் எதிலும் பங்கேற்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. இதை ஒரு வருமான இழப்பாக மட்டும் பார்ப்பது பிழை. எத்தனை உருப்படி செய்தாய் என்ற கேள்வியையே பழகுநரிடம் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். கேட்டால் அவர் கை வேகத்தைக் கற்கும், வேலையைக் கற்காது.

15ஆம் பிரிவின்படி, தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் பழகுநரை மிகைநேரம் வேலை வாங்க முடியாது. அந்த ஒப்புதலும், பழகுநரின் பயிற்சி நலனுக்கோ பொதுநலனுக்கோ உகந்தது என்று ஆலோசகர் மனநிறைவு கொண்டால்தான் கிடைக்கும். 'பொதுநலன்' என்ற இரண்டாம் காரணம் என் வாதத்துக்கு இடையூறானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், உற்பத்தித் தேவை என்ற காரணம் அங்கே எழுதப்படவில்லை என்பது கவனத்துக்குரியது.

இறுதியாக 30ஆம் பிரிவு. தண்டனைக்குரிய செயல்களின் பட்டியலில், பழகுநரை அவருடைய பயிற்சியோடு தொடர்பில்லாத வேலையில் ஈடுபடுத்துவதும் ஒன்று. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கி அபராதத்தை மட்டும் விட்டுவைத்தது. ஆனால் குற்றத்தின் வரையறையைத் தொடவில்லை.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் 18ஆம் பிரிவின் வடிவம் மாறிவிடுகிறது. உற்பத்தியால் அளக்காதே, மிகைநேரம் வாங்காதே, தொடர்பில்லாத வேலை தராதே, தொழிலாளருக்குரிய பாதுகாப்பைக் கொடு, 11ஆம் பிரிவின்படி தகுதியுள்ள ஒருவரைப் பொறுப்பில் வைத்துக் கற்றுக்கொடு: இத்தனைக்கும் ஈடாகத்தான் சட்டம் நிறுவனத்துக்கு ஒரு விலக்கைத் தருகிறது. தொழிலாளர் சட்டங்களிலிருந்து கிடைக்கும் அந்த விலக்கு, கற்றுக்கொடுப்பதற்காகத் தரப்பட்ட விலை. சரக்கைக் கொடுக்காதவர் விலையை வைத்துக்கொள்ள முடியாது.

3

இப்போது 16ஆம் பிரிவுக்குத் திரும்புவோம்.

மின்னியல் பட்டயம் பெற்ற ஒரு பழகுநரை, பயிற்சித் திட்டத்தில் இல்லாத ஒரு வேலைக்கு அனுப்புகிறார்கள். கிடங்கில் பெட்டி இறக்கும் வேலை என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவர் கால் முறிகிறது. இழப்பீடு யார் பொறுப்பு?

18ஆம் பிரிவை மதிலாகக் கொள்ளும் வாசிப்பு இங்கே ஒரு விபரீதத்தில் போய் முடிகிறது. அவர் தொழிலாளர் அல்லர். எனவே 1923ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. பெட்டி இறக்குவது அவருடைய பயிற்சியும் அல்ல. எனவே காயம் பயிற்சியின் போக்கில் நேரவில்லை, 16ஆம் பிரிவும் பொருந்தாது. நிறுவனம் தன் கடமையை மீறியதாலேயே பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. சட்டத்தை எந்த அளவுக்கு மீறுகிறதோ அந்த அளவுக்கு அது பாதுகாப்பாக இருக்கிறது. எந்தச் சட்டமன்றமும் இப்படி ஒன்றை நினைத்து எழுதியிருக்க முடியாது.

இந்த விபரீதத்தைத் தவிர்க்க இரண்டு வழிகளே உண்டு. பழகுநர் நிறுவனத்துக்குள் செய்யும் எல்லாவற்றையும் 'பயிற்சி' என்று விரித்துப் பொருள்கொள்வது ஒன்று. இதில் இழப்பீடு கிடைத்துவிடும்; ஆனால் தொடர்பில்லாத வேலையைக் குற்றமாக்கும் 30ஆம் பிரிவு பொருளற்றுப்போகும். எல்லாமே பயிற்சி என்றால் தொடர்பில்லாத வேலை என்று ஒன்று எப்படி இருக்கும்? மற்ற வழி, 'பயிற்சி' என்ற சொல்லுக்கு அதன் முழுப் பாரத்தையும் தருவது. கற்றுக்கொடுக்கப்படும் வரை அவர் பயிற்சியாளர். கற்பித்தல் நின்று வெறும் உழைப்பு தொடங்கும் இடத்தில் 18ஆம் பிரிவின் விலக்கும் நின்றுவிடுகிறது; அங்கே அவர் தொழிலாளர், தொழிலாளருக்குரிய சட்டம் அவரைத் தாங்கிக்கொள்கிறது. பயிற்சி அல்லது வேலை. இரண்டுக்கும் இடையே ஆளில்லாத நிலம் எதுவும் இல்லை. சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் ஒருசேர உயிரோடிருக்கும் வாசிப்பு இந்த இரண்டாவது ஒன்றே.

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. பட்டயப் படிப்பு முடித்து ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனத்தில் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தேன். முதல் மூன்று மாதம் ஒரு மூத்த ஃபோர்மேன் மோட்டாரைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். இன்றும் மோட்டாரின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவேன். அவர் ஓய்வுபெற்றுச் சென்ற பிறகு, மீதி மாதங்களில் பெரும்பகுதியைத் தபால் பிரிவில் உறைகளுக்கு முத்திரை குத்துவதில் கழித்தேன். என் பயிற்சிப் பதிவேட்டில் அந்த மாதங்கள் முழுவதும் 'மின்மோட்டார் பராமரிப்பு' என்றே எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்தும் இருந்தது. ஒருவரின் அனுபவம் சான்றாகாது என்பதை அறிவேன். ஆனால் அந்தப் பதிவேடு என்ன வகை ஆவணம் என்ற கேள்வி அன்று தொடங்கியது.

4

இந்த வாசிப்புக்கு 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் துணைநிற்கிறது. உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி முடித்தவர்கள் வேலை கோரிய வழக்கு அது. வேலை தந்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் கூறவில்லை. மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது, பயிற்சி பெற்றவருக்கு நேரடி நியமனம் கோருவோரைவிட முன்னுரிமை தர வேண்டும் என்றது. வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை தேவையில்லை. வயது வரம்பு தடையானால் பணிவிதிப்படி தளர்த்த வேண்டும், விதி மௌனமாக இருந்தால் பயிற்சிக் காலத்தின் அளவுக்குத் தளர்த்த வேண்டும். ஆண்டுவாரியாகப் பட்டியல் பேணி, முன்னர்ப் பயின்றவரை மூத்தவராகக் கொள்ள வேண்டும் என்றும் வகுத்தது.

இத்தீர்ப்பை வேலை உரிமை பற்றிய வழக்காகவே இதுவரை விவாதித்திருக்கிறார்கள். அதன் அடியில் இருக்கும் அனுமானமே எனக்கு முக்கியம். முன்னுரிமை எதற்குக் கிடைக்கிறது? அந்த ஓராண்டில் ஒருவர் மற்றவரிடம் இல்லாத எதையோ பெற்றிருக்கிறார் என்பதற்கு. அந்த ஆண்டு உறைகளுக்கு முத்திரை குத்துவதில் கழிந்திருந்தால், முன்னுரிமைக்கு அடித்தளமே இல்லை. ஆக, பயிற்சி உண்மையில் நடந்தது என்பதை நீதிமன்றம் முன்நிபந்தனையாகக் கொள்கிறது. 22ஆம் பிரிவின் முதல் உட்பிரிவை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியதும் இதே திசையில்தான்: வேலை தரும் கட்டாயம் இல்லை என்ற பழைய வாசகம் போய், பயிற்சி முடித்தவர்களை நியமிப்பதற்கான கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுக்க வேண்டும் என்ற வாசகம் வந்தது.

5

எதிர்வாதங்கள் மூன்று.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் பழகுநரையும் சேர்த்திருந்தது. ஆனாலும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பழகுநர் தொழிலாளர் அல்லர் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. உண்மை. பழகுநராகவே நடத்தப்பட்டவரைப் பற்றிய அந்த முடிவோடு எனக்குப் பிணக்கில்லை. பழகுநர் என்ற பெயரில் வேறொன்றாக நடத்தப்பட்டவரைப் பற்றியதே என் கேள்வி. பெயரைப் பார்க்காமல் செய்த வேலையின் தன்மையைப் பார்ப்பது தொழில் சட்டத்தில் புதிய கொள்கையும் அன்று.

2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பு, தொழிலாளர் வரையறையிலிருந்து பழகுநரை வெளிப்படையாகவே நீக்கிவிட்டதே என்பது இரண்டாவது. அந்த விலக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையைச் சுட்டியே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரையறையோ, ஒப்பந்தப்படி பயிற்சி பெற்றுக்கொண்டிருப்பவர் என்பது. கேள்வி மீண்டும் அதே சொல்லில்தான் வந்து நிற்கிறது.

இப்படி வாசித்தால் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்க்கவே அஞ்சும் என்பது மூன்றாவது. கற்றுக்கொடுக்கும் நிறுவனத்துக்கு அஞ்ச எதுவுமில்லை.

6

எஞ்சுவது மெய்ப்பிக்கும் பொறுப்பு. கற்பித்தல் நடந்ததா இல்லையா என்பதை யார் காட்ட வேண்டும்? ஓராண்டு முடிந்து சான்றிதழோடு வெளியேறும் இருபத்திரண்டு வயதுக்காரரிடம் அதைக் கேட்பது நியாயமாகாது. சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. ஒவ்வொரு பழகுநரின் பயிற்சி முன்னேற்றத்துக்கும் பதிவேடு பேணும் கடமையை 19ஆம் பிரிவு வேலையளிப்பவர் மீதே சுமத்துகிறது. அதை அலுவலக நடைமுறையாகக் கருதிவந்திருக்கிறோம். மேலே சொன்ன வாசிப்பு சரியென்றால், 18ஆம் பிரிவின் விலக்குக்கு நிறுவனம் காட்ட வேண்டிய ரசீது அந்தப் பதிவேடு. விலக்குக் கோரும் நிறுவனம், எந்த மாதத்தில் எந்தப் பொறியில் யார் கற்றுக்கொடுத்தார் என்பதை அதிலிருந்து காட்ட வேண்டும். பழகுநரின் கையெழுத்து மட்டும் அதற்குப் போதாது. கற்றுக்கொடுத்தவரின் பெயர் அங்கே இருக்க வேண்டும். என் பதிவேட்டின் முதல் மூன்று மாதப் பக்கங்களில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு வந்த பக்கங்களில் இல்லை.