சதையிலிருந்து பிரிந்த நகம்

ஜப்பானியத் தேநீர் அறைக்குள் நுழையும் விருந்தினர், முதலில் சுவர் மாடத்தின் முன் அமர்ந்து வணங்குவார். அங்கே ஓவியச் சுருளோ, ஒற்றைப் பூவைத் தாங்கிய சாடியோ இருக்கும். 15ஆம் நூற்றாண்டில் அந்த இடம் சீனத்து வெண்கலச் சாடிகளுக்கும் பச்சை மெருகிட்ட கலங்களுக்கும் உரியதாக இருந்தது. தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் (1522-1591) காலத்தில் மூங்கில் குழலும் உள்நாட்டு மட்கலமும் அங்கே இடம்பெற்றன. அவற்றுள் தனித்து நிற்பவை இகா பூச்சாடிகள்.

இகா, இன்றைய மியே மாநிலத்தின் மலை சூழ்ந்த பகுதி. தொல்பழங்காலத்துப் பிவா ஏரியின் அடியில் படிந்த அதன் மண் கடும் வெப்பத்தையும் தாங்கும். குயவர்கள் ஈரச் சாடியை அழுத்தியும் கீறியும் வேண்டுமென்றே கோணலாக்கினர். பல சாடிகளுக்கு இருபுறமும் காதுகள் வைத்தனர். மெருகு எதுவும் பூசவில்லை. அந்த வேலையை நெருப்பு செய்தது. பைன் விறகு நாட்கணக்கில் எரிய, சூளையின் வெப்பம் 1200 பாகை செல்சியஸைத் தாண்டும். பறக்கும் சாம்பல் சாடியின் தோளில் படிந்து, மண்ணோடு உருகிப் பச்சைக் கண்ணாடியாக வழியும். இதை 'பீடோரோ' என்பர்; கண்ணாடியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு அது. தணலில் புதைந்த பக்கம் கருகிக் கிடக்கும்.

ரிக்யூவின் மாணவரான ஃபுருதா ஒரிபே (1544-1615) இத்தகைய சிதைவில் அழகு கண்டவர். தம்மிடமிருந்த இகா சாடியொன்றைத் தம் மாணவரும் போர்வீரருமான உயேதா சோகோவுக்கு அளித்தபோது, நகத்தைப் பிய்த்தெடுப்பதுபோல் வலிக்கிறது என்று கடிதத்தில் எழுதினார். அன்றிலிருந்து அச்சாடிக்கு 'நமஸுமே' என்றே பெயர். சதையோடு ஒட்டிய நகம் என்பது பொருள். நகமும் சதையும் போல என்னும் நம் வழக்குக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1615இல் ஒசாகா போர் முடிவுக்கு வந்தது. தொகுகவா தரப்பில் நின்று போரிட்டார் சோகோ. அதே ஆண்டில் எதிரிகளோடு சதி செய்ததாக ஐயுறப்பட்ட ஒரிபே, தொகுகவாக்களின் ஆணைப்படி வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். 1619இல் தம் தலைவரான அசானோவுடன் ஹிரோஷிமாவுக்குப் பெயர்ந்தார் சோகோ. அவர் வழிவந்த தேநீர் மரபு இன்றும் அங்கே வாழ்கிறது.

பற்றின்மையைப் பேசும் கலை தேநீர். அதன் பேராசான்களுள் ஒருவர், ஒரு மண்சாடியைப் பிரிய மனம் வலித்ததை மறைக்கவில்லை. வலித்தது என்று எழுதினார்; எழுதிவிட்டுக் கொடுத்தார். ஒருநாள் மட்டுமே வாழும் பூவுக்காகச் செய்யப்பட்ட அந்தச் சாடி, கொடுத்தவரையும் பெற்றவரையும் கடந்து நானூறு ஆண்டுகளாக அவ்வலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.