பொன் உருக்கும் கணக்கு

20 சதவீத அமிலக் கரைசலையும் 50 சதவீதக் கரைசலையும் கலந்தால் என்ன வரும் என்று கேட்கும் கணக்கைப் பார்த்தாலே பலருக்குத் தலை சுற்றும். இதே கணக்கைத் தட்டார்கள் பொன்னில் போட்டிருக்கிறார்கள்.

சுசீந்திரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நாகர்கோவில் வடசேரி. கோயில் நகைக்குப் பேர்போன இடம். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஒரு பழைய வளையல், ஒரு அறுந்த சங்கிலி, ஒற்றைக் கம்மல் என்று மூன்று மாற்றுப் பொன்னை ஒருவர் ஆசாரியிடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உருக்கிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. கணக்கு பிசகினால் ஒருவருக்கு நஷ்டம், மற்றவருக்குக் கெட்ட பேர்.

எடை மட்டும் போதாது என்பது சோழர் காலத்திலேயே தெரிந்திருந்தது. ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற கல்லும், மாற்றைச் சொல்ல 'தண்டவாணி' என்ற அளவும் வருகின்றன.

1150-ல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் பொன் கணக்குக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே சுத்தப் பொன் 16 வர்ணம். 13, 12, 11, 10 வர்ணப் பொன் முறையே 10, 4, 2, 4 மாஷம் எடுத்து உருக்குகிறார். எடையை வர்ணத்தால் பெருக்கிக் கூட்டினால் 130 + 48 + 22 + 40 = 240. மொத்த எடை 20. ஆக 12 வர்ணம்.

சுவாரசியம் இதற்கு அப்புறம்தான். புடம் போட்டு 20 மாஷம் 16 ஆகக் குறைந்தால்? அழுக்குதான் போனது, பொன் போகவில்லை. அதனால் அந்த 240 அப்படியே நிற்கும். 16 ஆல் வகுத்தால் 15 வர்ணம். உப்புத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சுவதும் இதேதான்!

இன்னொன்று: 10 வர்ணத்தில் 8 மாஷம், 11 வர்ணத்தில் 2, வர்ணம் தெரியாத 6. கலவை 12 வர்ணம். பாஸ்கரரே தன் பீஜகணிதத்தில் தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' என்று சொல்லி, 'யா' என்று சுருக்கி எழுதுவார். அப்படி எழுதினால் 80 + 22 + 6யா = 192. யா = 15.

இன்றைய 916 நகையும் இதற்குள்தான். 11 கிராம் சுத்தத் தங்கத்தோடு 1 கிராம் செம்பு சேர்த்தால் 12-ல் 11 பங்கு, அதாவது 22 காரட்.