ஆயிஷா: அந்தக் கதையில் வளர்ந்தது யார்?

இந்த எபிசோட்ல ஒரு சின்ன புத்தகம். ஒரு மணி நேரத்துக்குள்ள படிச்சிடலாம். ஆனா முடிச்சதும் கொஞ்ச நேரம் யார்கிட்டயும் பேசத் தோணாது. முடிவையும் சொல்லப் போறேன், அதனால படிக்காதவங்க படிச்சிட்டு வாங்க.

புத்தகம் பேரு 'ஆயிஷா'. எழுதினவர் இரா. நடராசன், கடலூர்ல ஆசிரியரா இருந்தவர். 1996-ல கணையாழி குறுநாவல் போட்டியில பரிசு வாங்கின கதை இது. அப்புறம் தனிப் புத்தகமா வந்து, தமிழ்நாடு முழுக்கப் போச்சு. 2014-ல வேற ஒரு புத்தகத்துக்காக அவருக்கு பால சாகித்திய புரஸ்கார் கிடைச்சது. ஆனா இன்னைக்கும் நிறைய பேருக்கு அவர் 'ஆயிஷா' நடராசன்தான்.

ஒரு அறிவியல் டீச்சர் தான் எழுதின புத்தகத்துக்கு முன்னுரை எழுதறாங்க. அந்த முன்னுரைதான் மொத்தக் கதையும். ஆயிஷா அவங்க வகுப்புப் பொண்ணு. அம்மா, அப்பா இல்ல, சித்தி வீட்ல வளர்றா. காந்தத்தை வெட்டிக்கிட்டே போனா என்ன ஆகும்னு ஆரம்பிச்சு, கேட்டுக்கிட்டே இருப்பா. கேட்டதுக்காகவே அடி விழுது. கடைசியில, அடிச்சா வலிக்கக் கூடாதுன்னு மரத்துப்போற மருந்தைத் தன் உடம்புலயே சோதிச்சுப் பாக்கறா. செத்துப் போயிடறா.

இங்கிலாந்துல ஹம்ப்ரி டேவி சிரிப்பூட்டும் வாயுவைத் தானே சுவாசிச்சு சோதனை பண்ணி, அது வலியைக் குறைக்கும்னு 1800-ல எழுதினார். அவரை விஞ்ஞானின்னு பாடத்துல படிக்கிறோம். ஆயிஷா பண்ணதும் அதே மாதிரி ஒரு சோதனைதான். ஆனா அவளுக்குத் தேவைப்பட்டது ஸ்கூல்ல ஒரு நாளை ஓட்டறதுக்கு.

இந்தக் கதை வந்தப்போ நிலைமை என்ன? வகுப்புல அடிக்கிறது சாதாரணம். டெல்லியில பள்ளி விதிகள்லயே அடிக்க அனுமதி இருந்தது. 2000 டிசம்பர்லதான் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்தது. அதோட 17-வது பிரிவு உடலால் தண்டிக்கிறதையும், மனசால துன்புறுத்தறதையும் தடை பண்ணுது. அதாவது சட்டத்துக்கு 13 வருஷம் முன்னாடியே ஒரு வாத்தியார் தன் தொழிலைப் பத்தி இதை எழுதி வச்சிட்டார்.

எனக்கு ஊர் விருத்தாசலம் பக்கம் நல்லூர். விருத்தாசலம்னா பீங்கான். அகல் விளக்கு, பொம்மைன்னு எங்க பார்த்தாலும் இருக்கும். 2008-ல நான் ஆறாவது. 'சார், பொம்மையை சூளையில வச்சா கெட்டியாகுது, பிளாஸ்டிக்கை வச்சா உருகுதே, ஏன்?'னு கேட்டேன். விரல் மொட்டியில ஸ்கேல் இறங்குச்சு. 'எல்லாம் புக்குல இருக்கு, படி.' வீட்ல சொன்னா அப்பா, 'அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்டா'ன்னார். புக்குல அது இல்ல. களிமண்ணைச் சூளையில சுட்டா, அதுக்குள்ள பிணைஞ்சிருக்கற தண்ணி போய் வேற பொருளாவே மாறிடும், திரும்ப மண்ணாகாதுன்னு இன்ஜினியரிங் வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள வகுப்புல கை தூக்கற பழக்கம் போயிடுச்சு.

முதல் தடவை 'ஆயிஷா' படிச்சப்போ நான்தான் ஆயிஷான்னு நினைச்சு அழுதேன். போன மாசம் திரும்பப் படிச்சப்போ வேற ஒண்ணு பட்டுச்சு. இந்த மாதிரி கதைகள்ல ஒரு பிள்ளை அடிபட்டு, கத்துக்கிட்டு, வளர்ந்து நிக்கும். இங்க பிள்ளைக்கு வளர நேரமே கிடைக்கல. வளர்றது டீச்சர். அவங்க ஆயிஷா மேல பாசமாத்தான் இருந்தாங்க. ஆனா அவ கேள்விகளுக்கு பதில் தேடி எழுத ஆரம்பிக்கறது அவ போனதுக்கு அப்புறம்தான். பள்ளிப் பிள்ளைங்க படிக்கிற கதைதான், ஆனா குற்றவாளிக் கூண்டுல நிக்கறது பெரியவங்க.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, திரும்பப் படிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு, 'இந்த கோடை ஏன் இப்படி எழுதியிருக்கோம்?'னு கேட்டாங்க. டெட்லைன் டென்ஷன். 'எல்லாம் டாக்குமென்ட்ல இருக்கு, படிங்க'ன்னேன். கையில ஸ்கேல் இல்ல, அவ்வளவுதான்.

புத்தகத்தை முடிச்ச மறுநாள் அவங்க சீட்டுக்குப் போய், 'அன்னைக்கு என்னமோ கேட்டீங்களே?'ன்னேன்.

'பரவால்லண்ணா, புரிஞ்சிடுச்சு'ன்னாங்க.

புரியலைன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். டாக்குமென்ட்டைத் திறந்து பார்த்தா, அதுல அந்த பதில் இல்ல.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம். அதுக்குள்ள உங்ககிட்ட யாராவது 'ஏன்'னு கேட்டா, கொஞ்சம் நின்னு பதில் சொல்லுங்க.