தாய்மொழியில் உடலறிவு: மருத்துவர் கிரீனின் பணியும் நமது கடமையும்

வீரபாண்டியில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் சகோதரி ஒருவர் இரத்தப் பரிசோதனைத் தாளொன்றை என்னிடம் நீட்டினார். "ஐயா, இதுல என்னங்க எழுதியிருக்குது?" என்று வினவினார். ஆறு மாதங்களாக மாத்திரை உட்கொண்டு வருபவர் அவர். எனினும், தம் உடலில் நிகழ்வது யாது என்பதை அறியார். தாள் முழுவதும் ஆங்கிலம். அவ்வினா என்னை ஏறத்தாழ 150 ஆண்டுகள் பின்னோக்கி, யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு அழைத்துச் சென்றது.

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். மருத்துவப் பட்டம் பெற்று, அமெரிக்க இலங்கை மிஷனின் ஊழியராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மாணாக்கரைப் பயிற்றுவிக்கும் பணியையும் தொடங்கினார். தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆங்கிலம் கற்றோர் ஊரை விட்டுப் பதவிகளை நாடிச் செல்ல, சிற்றூர் மக்கள் மருத்துவரின்றியே இருந்தனர். ஆகவே 1864 முதல் அவர் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பிக்கலானார்.

அதற்கு நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். தமிழில் தக்க சொல் உண்டா என முதலில் தேடுவது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் இயலாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் பெயர்ப்பது என்பது அவர் கைக்கொண்ட முறை. உடற்கூற்றியலை 'அங்காதிபாதம்' என்றும், வேதியியலைக் 'கெமிஸ்தம்' என்றும் அவர்காலத்து நூல்கள் வழங்கின. 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனப் பெருநூல்கள் வெளிவந்தன. பின்னது, மருத்துவ மாணவர் இன்றும் அறிந்த கிரேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகும்.

இங்கு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் முதன்முதல் தமிழாக்கத்திற்கு எடுத்துக்கொண்டது மருத்துவருக்கென்றே எழுதப்பட்ட நூலன்று. கால்வின் கட்டர் என்பவர் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என இயற்றிய, உடலமைப்பும் உடலியக்கமும் சுகாதாரமும் பற்றிய நூலே அது. உடலறிவு மருத்துவரின் தனியுடைமை அன்று, அது வீட்டுக்குரியது என்னும் கருத்து அத்தெரிவிலேயே அடங்கியுள்ளது.

அவரை நாம் மிகைப்படப் புகழவும் வேண்டியதில்லை. நாட்டு வைத்தியத்தை மேலை மருத்துவத்தின் அளவுகோலால் மட்டுமே அளந்த அக்காலத்துப் பார்வையிலிருந்து அவரும் முழுமையாக விடுபட்டவரல்லர். அவரிடம் பயின்றோர் 60-க்கும் மேற்பட்டவர்களாயினும், அம்முயற்சி நிலைபெறவில்லை. 1870-இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கில வழியில் தொடங்கிற்று. பதவியின் மொழி ஆங்கிலமாயிருந்தது. கிரீன் 1873-இல் தாய்நாடு திரும்பி, அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து, 1884-இல் மறைந்தார். தமிழர்களுக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்றே தம் கல்லறையில் குறிக்கப்பட வேண்டுமென்பது அவர் விருப்பம்.

இன்று நம் நிலை யாது? தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்து வீட்டு வாயிலுக்கே வருகிறது. மருந்து வந்ததுபோல் அறிவும் வர வேண்டும். அச்சகோதரியின் தாளிலிருந்த ஓர் எண்ணை விளக்க எனக்குச் சில நிமிடங்களே ஆயின. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், அப்பணுவிலுள்ள செந்நிறப் பொருளில் அது மிகுதியாக ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அவ்வெண் ஒரு நாளின் கணக்கன்று, ஏறக்குறைய மூன்று மாதங்களின் கணக்கு. "அப்ப, டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்தா ஏமாத்த முடியாதுங்களா?" என்று கேட்டு அவர் நகைத்தார். அந்நகைப்பில் ஒரு விடுதலை இருந்தது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. ஆயின் புரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

பெந்தெகொஸ்தே நாளில் அவரவர் தத்தம் மொழியில் கேட்டனர் என்பதை நாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். அதன் பொருள் வழிபாட்டு மொழியோடு நின்றுவிடுமோ? இறையியல் மாணவர்கள் எபிரெயமும் கிரேக்கமும் பயில்வது மக்களுக்கு விளங்கவைக்கவே. சபையிலுள்ள செவிலியரையும் ஆசிரியரையும் துணைக்கொண்டு, மாதம் ஒரு மாலையாவது உடலைப் பற்றி எளிய தமிழில் போதிக்க நம்மால் இயலாதா?

இன்னும் ஒன்று. இன்று வீரபாண்டியிலும் திருப்பூரெங்கும் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்போருள் ஒடியாவும் இந்தியும் பேசுவோர் பலர். அவர்கள் கையிலுள்ள தாளும் அதே ஆங்கிலத்தாள்தான். நம் தமிழும் அவர்களுக்கு அந்நியமே. கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியைக் கற்று நம் உடலை நமக்கு விளக்கினார். நம் தெருவுக்கு வந்துள்ளவர்களின் மொழியில் நாம் எத்தனை சொற்களைக் கற்றிருக்கிறோம்?