சொன்னவரும் செவிமடுத்தவரும்

நோயில்பூசுதல் வழங்க நள்ளிரவில் அழைக்கப்பட்டு, அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நாம் நின்ற வேளைகள் பல. உள்ளே நுழைந்ததும், "டாக்டர் எங்கே?" என்று வினவி, எதிரில் நின்ற செவிலியரைக் காணாதவராய்க் கடந்ததும் உண்டு. ஆயினும் நோயாளியை முதலில் தொடுவது பெரும்பாலும் செவிலியரின் கரமே. அவர் கண்டதைச் சொல்லத் தயங்கினாலோ, மருத்துவர் கேட்க மறுத்தாலோ, இழக்க நேரிடுவது ஓர் உயிர். இவ்வுண்மையை உணர்த்தும் வரலாறு ஒன்றை ஈண்டு நினைவுகூர்வோம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் அந்நாளில் ஒரு சிறிய ஊர். 1883 ஆகஸ்டு 21 மாலை வீசிய சூறாவளி, அதன் வடபகுதியைச் சிதைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் மிகப் பலர். ஊரில் மருத்துவமனை இல்லை. நடனக் கூடமொன்றே மருத்துவமனையாயிற்று. அங்குப் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் வொரல் மேயோ, காயமுற்றோரைப் பேணும் கரங்களை வேண்டி, பிரான்சிஸ்கன் சபைத் தலைவி அன்னை ஆல்பிரெட் மோஸை நாடினார். அச்சபைச் சகோதரிகள் பள்ளி ஆசிரியைகள். செவிலியர் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். எனினும் தயங்காது வந்தனர்.

துயர் தணிந்தபின், நிலையான மருத்துவமனை ஒன்று வேண்டும் என்றார் அன்னை. ஊர் சிறியது, செலவு பெரிது என்று மேயோ தயங்கினார். பொறுப்பேற்பதாக அவர் வாக்களித்தால் பொருளைத் தாங்கள் திரட்டுவதாக அன்னை உறுதி கூறினார். மேயோ கத்தோலிக்கர் அல்லர். எனினும் இருவரும் சொல் தவறவில்லை. 1889இல் 27 படுக்கைகளுடன் புனித மரியா மருத்துவமனை எழுந்தது.

அங்கு வந்தவர்களுள் ஒருவர் அருட்சகோதரி மேரி ஜோசப் டெம்ப்சி. இவரும் ஆசிரியையாய் இருந்தவரே. செவிலியப் பணியைக் கற்று, 1890 முதல் 1915 வரை மேயோவின் மகன் வில்லியம் மேயோவுக்கு அறுவை அரங்கில் முதல் உதவியாளராய் நின்றார். நோயாளரின் வயிற்றை அறுவைக்கெனத் தூய்மை செய்கையில், சிலரது தொப்புளில் கெட்டியான சிறு கட்டி இருப்பதை அவர் விரல்கள் உணர்ந்தன. அத்தகையோருக்கு வயிற்றினுள் புற்றுநோய் பரவியிருப்பதையும் கண்டார். கண்டதை மருத்துவரிடம் சொன்னார். புகழ்பெற்ற அம்மருத்துவரும் அதனை ஒதுக்காது செவிமடுத்தார்.

1928இல் வில்லியம் மேயோ அக்கட்டியைப் பற்றி எழுதினார். 1949இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி அதற்கு 'சகோதரி மேரி ஜோசப் கட்டி' எனப் பெயரிட்டார். இன்றும் மருத்துவ மாணவர் அப்பெயரைக் கற்கின்றனர். பெயர் பெற்றவரோ அதனை அறியார், 1939இலேயே மறைந்தார். அவர் சொல்லுக்குச் செவிமடுத்த வில்லியம் மேயோ இறந்ததும் அதே ஆண்டில்தான்.

அன்பர்களே, நம் இல்லங்களிலிருந்தும் எத்தனையோ புதல்வியர் செவிலியராய்ச் சென்றுள்ளனர். கட்டளைக்குக் காத்து நிற்பதே அவர்தம் பணி என நாம் எண்ணிவிடுகிறோம். கண்டதை அஞ்சாது சொல்வதும் அப்பணியே. அதனைத் தாழ்வெனக் கருதாது கேட்பதும் மருத்துவரின் கடமையே. அடுத்த முறை அவ்வாயிலில் நிற்கையில், முதலில் நம்மை எதிர்கொள்பவரின் முகத்தை நோக்குவோம். அவர் சொல்வதைக் கேட்போம்.