ஸ்மார்ட் வாட்டர் ஹீட்டர்

ஸ்மார்ட் வாட்டர் ஹீட்டர் என்பது நேரக் கட்டுப்பாடு, வெப்பநிலை உணரி, வை-ஃபை இணைப்பு ஆகியவை சேர்ந்த வீட்டு மின்சார வெந்நீர்க் கருவி. கீசர் என்றும் ஹீட்டர் என்றும் வழங்கும் கருவியின் புதிய வகை. கைபேசிச் செயலியிலிருந்து இதை இயக்கலாம், நிறுத்தலாம். எத்தனை மணிக்கு எத்தனை டிகிரியில் வெந்நீர் வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். செலவான மின்சாரத்தைப் பார்க்கலாம். ஆனால் தண்ணீரைச் சூடாக்குபவை பழைய ஹீட்டரில் இருந்த அதே பாகங்கள்தான்: தொட்டி, காயில், தெர்மோஸ்டாட், அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு. இவை வீட்டுத் தண்ணீருக்கும் வயரிங்குக்கும் பொருந்தாவிட்டால் செயலி இருந்தும் பயனில்லை. கடைகளில் பேச்சு செயலியிலிருந்துதான் தொடங்கும். வாங்குபவர் அதைக் கடைசியில் பார்ப்பதே நல்லது.

பின்னணி

லண்டனில் 1868-இல் பெஞ்சமின் வாடி மோகன் எரிவாயுவால் இயங்கும் குளியலறை வெந்நீர்க் கருவியை அமைத்தார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பணியாற்றிய எட்வின் ரூட், 1889-இல் தானாக இயங்கும் சேமிப்பு ஹீட்டரை வடிவமைத்தார். தொலைவிலிருந்து ஹீட்டரைக் கட்டுப்படுத்துவதும் கைபேசிக்கு முந்தியதே. நியூசிலாந்தில் 1950-களிலிருந்து மின்வாரியங்கள் மின்கம்பி வழியாகவே ஒரு சமிக்ஞையை அனுப்பி, மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரங்களில் வீட்டு ஹீட்டர்களை நிறுத்தி வைத்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள ஹீட்டர் விதிகள் எது ‘ஸ்மார்ட்’ என்பதற்குத் தெளிவான அளவுகோல் வைத்திருக்கின்றன. வீட்டாரின் பயன்பாட்டுப் பழக்கத்தைக் கருவி தானே கற்று, அதற்கேற்பச் சூடாக்கி, குறைந்தது 7 விழுக்காடு ஆற்றலை மிச்சப்படுத்த வேண்டும். இணைய இணைப்பு மட்டும் இருந்தால் போதாது. இந்தியாவில் எரிசக்தித் திறன் வாரியம் ஹீட்டருக்குத் தரும் நட்சத்திரம் வேறொன்றை அளக்கிறது. சூடாகி நிற்கும் தொட்டி, வெளிக்காற்றைவிட 45 டிகிரி கூடுதல் சூட்டில், 24 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதே அந்தக் கணக்கு. ஐந்து நட்சத்திரம் தொட்டியின் காப்புறைக்குக் கிடைத்த மதிப்பெண். செயலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கொள்ளளவும் மின்சாரமும்

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.186 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 0.61 யூனிட் செலவாகும். 2 கிலோவாட் காயில் அதை ஏறத்தாழ 18 நிமிடத்தில் முடிக்கும். அந்த வெந்நீரோடு பச்சைத் தண்ணீரை விளாவினால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். அதாவது இரண்டு பேர் வாளியில் குளிக்கலாம். தண்ணீரே 12 டிகிரியில் வரும் உதகை அல்லது கொடைக்கானல் குளிரில் அதே 15 லிட்டர் தொட்டி 26 லிட்டருக்கும் குறைவாகத்தான் தரும். மலையூர்களில் 25 லிட்டர் தேவைப்படுவது இதனால்தான்.

3 கிலோவாட் உடனடி ஹீட்டர் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டத்தில் தண்ணீரின் வெப்பத்தை 14 டிகிரி மட்டுமே உயர்த்தும். சமவெளியில் சமையலறைக்கும் வாளிக் குளியலுக்கும் அது போதும், ஷவருக்குப் போதாது.

நான்கு பேர் உள்ள சென்னை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 லிட்டர், 27 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதக் கணக்கீட்டில் 72 யூனிட். இதைச் செயலியால் குறைக்க முடியாது. குளிப்பதற்கு அந்த வெப்பம் வேண்டியதே. குறைக்கக்கூடியது, தொட்டி வீணாகச் சூடாக நிற்கும் இழப்பு. லேபிளில் இழப்பு 0.5 யூனிட் என்று இருக்கும் தொட்டி, 30 டிகிரி வெளிவெப்பத்தில் 60 டிகிரியில் நாள் முழுவதும் நின்றால் சுமார் 0.33 யூனிட் இழக்கும். இரண்டு மாதத்துக்கு 20 யூனிட். குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கும் வழக்கமுள்ள வீட்டில் அந்த இழப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே இல்லை. ஒரு வாட் உறிஞ்சும் வை-ஃபை பகுதி இரண்டு மாதத்தில் ஒன்றரை யூனிட் எடுப்பதையும் கழிக்க வேண்டும். ஆகவே சிறிய தொட்டியும் கட்டான பழக்கமும் உள்ள குடும்பத்துக்கு மின்கட்டணத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. அணைக்க மறக்கும் வீட்டுக்கும், ஆளுக்கொரு நேரத்தில் குளிக்கும் வீட்டுக்கும், சுவிட்சை எட்ட முடியாத முதியவர் தனியே இருக்கும் வீட்டுக்கும் இது உண்மையாகவே உதவும். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடுகிறது. அந்த விளிம்பில் இருப்பவர்களுக்குச் செயலி காட்டும் யூனிட் கணக்கு கைகொடுக்கும்.

தண்ணீரும் தொட்டியும்

ஹீட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். போர் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புகள் சூட்டில் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகக் காயிலின் மேல் படிகின்றன. அந்த வெள்ளைப் படிவு வெப்பத்தைத் தண்ணீருக்குள் விடாது. சூடாக நேரம் கூடும். காயில் அளவு மீறிச் சூடாகி ஒருநாள் எரிந்துபோகும். வெப்பநிலையை உயர்த்தி வைத்தால் படிவும் விரைவில் சேரும். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. மாற்று நீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கிறது. அதையும் தாண்டும் போர்கள் தமிழ்நாட்டில் உண்டு. சோப்பு நுரைக்காததும் ஷவர் துளைகள் அடைபடுவதும் முதல் அடையாளங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். ஹீட்டர் வாங்கும் முன் செய்யத்தக்க மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை அது.

கடினநீருக்கு, உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள எஃகுத் தொட்டி ஏற்றது. நிக்கல், இரும்பு, குரோமியம் கலந்த இன்கோலாய் உறையுள்ள காயில், செம்புக் காயிலைவிட உப்புக்குத் தாங்கும். கடலோரத்தில் குளோரைடு மிகுந்த தண்ணீர் துருப்பிடிக்காத எஃகையும் சூட்டில் புள்ளி புள்ளியாக அரிக்கும் என்பதால், அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். எஃகுக்குப் பதிலாகத் தான் கரைந்து அது தொட்டியைக் காக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இப்படி ஒரு கம்பி இருப்பதே தெரியாமல் தொட்டி ஒழுகத் தொடங்குகிறது. வாங்கும்போது இந்தக் கம்பியின் விலையையும், மாற்றித் தர உள்ளூரில் ஆள் உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

தண்ணீரின் உயரம் பத்து மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். பத்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 3 பாருக்கு மேல் வரும். அழுத்த மோட்டாரும் இருந்தால் அது இன்னும் ஏறும். அங்கே 8 பார் தாங்கும் தொட்டி வேண்டும்.

பாதுகாப்பு

2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியரும், 3 கிலோவாட் 13 ஆம்பியரும் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், தனி எம்சிபி, ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் ஹீட்டர் வாங்குவதைத் தள்ளிப்போட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். சேமிப்பு ஹீட்டரில் ஐஎஸ் 2082 தரத்துக்கான ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும்.

தொலைவிலிருந்து இயக்குவதில் ஒரு தனி ஆபத்து உண்டு. பழுதுபார்க்க வடித்துவிட்ட தொட்டியை, அதை அறியாத ஒருவர் அலுவலகத்திலிருந்து ஆன் செய்துவிடலாம். தண்ணீரில்லாமல் சூடேறுவதைக் கண்டு தானே நிற்கும் பாதுகாப்பு இல்லாத ஸ்மார்ட் ஹீட்டரை வாங்கவே கூடாது.

வெப்பநிலையை எவ்வளவு வைப்பது என்பதில் இரண்டு அபாயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தேங்கிய நீரில் பெருகும். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நிமோனியாவை ஆராய்ந்தபோதுதான் இது கண்டறியப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்கச் சொல்வது இதற்காக. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் தோலில் சில நொடிகளிலேயே கடும் புண்ணை உண்டாக்கும். குழந்தைகளுக்கு இன்னும் விரைவாக. தொட்டியை 60-இல் வைத்து, குழாயில் கலந்து 40-ஆக எடுப்பதே இரண்டுக்கும் தீர்வு. செயலியில் 40 டிகிரி என்று நிரந்தரமாக வைத்துவிடுவது சிக்கனம்போலத் தோன்றினாலும் தவறான வழி.

செயலியும் இணைப்பும்

பெரும்பாலான கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் மட்டுமே இயங்கும். குளியலறைச் சுவரைத் தாண்டி அது எட்டுகிறதா என்று கைபேசியை வைத்துப் பார்த்துவிடலாம். மின்தடைக்குப் பின் குறித்து வைத்த நேரம் நினைவில் இருக்கிறதா, இணையம் இல்லாதபோது சாதாரண சுவிட்சாலும் குமிழாலும் முழுதாக இயங்குமா என்பவை முக்கியமான கேள்விகள். நிறுவனம் தன் சேவையகத்தை மூடிவிட்டால் செயலி செத்துப்போகும். தொட்டியோ பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது. குளிக்கும் நேரப் பதிவு, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் சொல்லிவிடும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. செயலியில் அதற்கு வழி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

நல்ல நிலையில் உள்ள பழைய ஹீட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. யூனிட் கணக்கும் காட்டும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டினால், நேரக் கட்டுப்பாட்டின் பயன் குறைந்த செலவில் கிடைத்துவிடும். விளக்குக்கான சிறிய ஸ்மார்ட் பிளக்கை இதற்குப் பயன்படுத்தினால் அது உருகித் தீப்பிடிக்கக்கூடும்.

நேரக் கட்டுப்பாட்டின் முழு மதிப்பு, நேரத்துக்கேற்ற மின்கட்டணம் வரும்போது தெரியும். ஒன்றிய அரசு 2023 ஜூனில் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்குச் சூரிய ஒளி மிகுந்த நேரத்தில் கட்டணத்தை 20 விழுக்காடாவது குறைக்கவும், உச்ச நேரத்தில் கூட்டவும் சொல்கின்றன. அப்போது நண்பகலில் சூடாக்கி மறுநாள் காலை குளிக்கலாம். மேலே சொன்ன 0.5 யூனிட் இழப்புள்ள 25 லிட்டர் தொட்டியில் பகல் 12 மணிக்கு 60 டிகிரியாக இருந்த தண்ணீர், மறுநாள் விடியற்காலை 5 மணிக்கும் 53 டிகிரியளவில் நிற்கும். இழப்பு இருமடங்கான தொட்டியில் 47-க்கு வந்துவிடும். அதனால் லேபிளில் நட்சத்திரங்களுக்கு அருகே அச்சிட்டிருக்கும் அந்த இழப்பு எண்ணைப் படித்து, ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மாடல்களை அதைக் கொண்டு ஒப்பிட வேண்டும்.