கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு... பிபிக்கு எது நல்லது? ஒரு நாளைக்கு எவ்வளவு சேர்க்கலாம்?

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கி.மீ. போனால் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தின் உப்பளங்கள் இங்கேதான் இருக்கின்றன. உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கிறார்கள். இப்படிக் கிடைக்கும் கல் உப்பு இயற்கையானது, அதனால் பிபியை ஏத்தாது என்று பலர் நம்புகிறார்கள். இது உண்மையா?

கல் உப்பில் சோடியம் குறைவா?

இல்லை. கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். எந்த உப்பாக இருந்தாலும் 1 கிராமில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் ஒரு ஸ்பூன் கல் உப்பு எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குழம்பில் ருசி வரும் வரை போட்டால் கணக்கு சரியாகிவிடும்.

உப்பளத்திலிருந்து நேராக வரும் உப்பில் அயோடின் சேர்த்திருக்காது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்க இந்தியாவில் 2006 முதல் தடை உள்ளது. எனவே கல் உப்பு வாங்கினாலும் பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று இருக்கிறதா எனப் பார்ப்பது அவசியம்.

சோடியம் கூடினால் என்ன ஆகும்?

சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ரத்தத்தின் அளவு கூடும், ரத்தக் குழாய்ச் சுவர்களில் அழுத்தம் ஏறும். இதயமும் சிறுநீரகமும் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு வரும் ஆபத்து அதிகம். அதிக சோடியத்தோடு தொடர்புடைய மரணங்கள் உலகில் ஆண்டுக்கு சுமார் 18.9 லட்சம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

எவ்வளவு சேர்க்கலாம்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. உலக சராசரியோ 10.8 கிராம்.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். 4 பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம் என்றால், 1 கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 25 நாளிலேயே தீர்ந்துபோகிறதா? அப்படியென்றால் அந்த வீட்டில் இரண்டு மடங்கு உப்பு செலவாகிறது. ஊறுகாய், கடைச் சாப்பாடு இந்தக் கணக்கில் வரவில்லை.

எதில் எல்லாம் ஒளிந்திருக்கிறது?

* ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு

* பஸ் ஸ்டாண்டில் வாங்கும் மிக்சர், சிப்ஸ், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் மசாலா

* பஜ்ஜி, போண்டா மாவில் கலக்கும் ஆப்ப சோடா, அஜினோமோட்டோ. ஆப்ப சோடாவில் உப்புக் கரிப்பு தெரியாது, ஆனால் சோடியம் உண்டு.

பாக்கெட்டின் பின்னால் சோடியம் 400 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அது 1 கிராம் உப்புக்குச் சமம். அந்த அளவு 100 கிராமுக்கா, ஒரு முறை சாப்பிடும் அளவுக்கா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெயிலில் வேலை செய்பவர்கள் கூடுதலாகச் சேர்க்கணுமா?

உப்பளத்திலும் வயலிலும் வேலை செய்பவர்களுக்கு வியர்வையில் உப்பு போவது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு முதலில் தேவை தண்ணீர். பெரும்பாலும் வழக்கமான சாப்பாட்டிலேயே உப்பு ஈடாகிவிடும். தலைசுற்றல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்கு வந்து ஓஆர்எஸ் கரைசல் குடிக்கலாம். பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

'லோ சோடியம்' உப்பு வாங்கலாமா?

இதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த அம்மா உப்பு வகைகளில் இதுவும் ஒன்று. சாதாரண உப்புக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் 2025-ல் பரிந்துரைத்தது. ஆனால் இந்தப் பரிந்துரை கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொருந்தாது. சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சில பிபி மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டும். மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் மாற வேண்டும்.

எங்கே பரிசோதிக்கலாம்?

பிபி கூடினாலும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. 140/90 அல்லது அதற்கு மேல் வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்ப வந்தால் உயர் ரத்த அழுத்தம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி மாத்திரை வீடு தேடியும் வருகிறது.

உப்பைக் குறைத்தோம் என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. உப்பையும் ஒரே நாளில் பாதியாக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். சாதம் வடிக்கும்போது உப்பு போடாமல் விடுவதும், இலையோரம் உப்பு வைக்காமல் இருப்பதும் நல்ல தொடக்கம். ருசிக்கு எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம் கைகொடுக்கும்.